இன்பப் பாடலும் வாய்மையும்

மகிழ்ச்சியற்றவன் மகிழ்ச்சியைப் பாடலாமா? பாடினால் அப்பாடல் பொய்யாகுமா? கலையையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே சிந்திப்போர் இவ்வினாவைத் தவிர்த்தல் அரிது. துன்பத்தைப் பாடும் கலைஞனிடம் நாம் சான்று கேட்பதில்லை. இன்பத்தைப் பாடுவோனிடமோ, 'உலகம் இவ்வாறிருக்க உனக்குப் பாட்டு எங்ஙனம் வந்தது?' என வினவுகின்றோம். இவ்வினா எத்துணை நியாயமானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் உதாரணம் 1960களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே கிடைக்கின்றது. பல குரல்கள் இயைந்தொலிக்கும், இளவெயில் போன்ற இதமான பொப் இசை அக்காலத்தில் அங்கே பெருகிற்று. பின்னாளில் அதற்குச் 'சன்ஷைன் பொப்' என்ற பெயர் வழங்கலாயிற்று. அவ்விசைக்கு வழிகாட்டியோருள் ஒருவர் 'பீச் போய்ஸ்' குழுவின் இசையமைப்பாளரான பிறையன் வில்சன். கடலலையும் கோடையும் இளமையுமே அக்குழு விரும்பிப் பாடிய பொருள்கள். ஆனால் வில்சனோ 1964 டிசம்பரில் விமானப் பயணமொன்றின்போது மனங்கலங்கி, அதன்பின் மேடைப் பயணங்களைக் கைவிட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தினுள் ஒதுங்கியவர். 1966 மே மாதத்தில் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு வெளிவந்தபின், பாடலாசிரியர் வான் டைக் பார்க்சுடன் இணைந்து அவர் உருவாக்க முனைந்த இசைத்தட்டின் பெயர் 'ஸ்மைல்', அதாவது 'புன்னகை'.

அப்புன்னகை உருவான விதம் நோக்கற்பாலது. பாடலை ஒருங்கே பாடிப் பதியாது, சிறு சிறு பகுதிகளாகப் பதிந்து, நாடாவை வெட்டியும் ஒட்டியும் வில்சன் இசையமைத்தார். இம்முறையிலே அதற்குச் சற்று முன்னர் உருவான 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற பாடல் ஏறத்தாழ மூன்றரை நிமிடமே ஒலிப்பது. அதற்குப் பல மாதங்களும் பல ஒலிப்பதிவுக் கூடங்களும் தேவைப்பட்டன. 'ஸ்மைல்' பணி நீள நீள அவரது மனக்கலக்கமும் மிகுந்தது. தீயைச் சித்திரிக்கும் இசைப்பகுதியொன்றைப் பதிந்தபின், அயலிலே தீ விபத்து நேர்ந்ததை அறிந்து, அதற்குத் தம் இசையே காரணமாயிற்றோ என அவர் அஞ்சினார். பாடல்வரிகள் பற்றிக் குழுவினரிடையே பிணக்கு எழுந்தது. இசைத்தட்டு நிறுவனமாகிய கப்பிட்டலுடன் வழக்கு மூண்டது. வியட்நாம் போர்க்காலத்தில் படைச்சேவையை மறுத்த தம்பி கார்ல், 1967இல் நீதிமன்றத்தை எதிர்நோக்கினார். அவ்வாண்டு மே மாதத்திலே 'ஸ்மைல்' கைவிடப்பட்டது. ஆயினும் அதன் உறைகள் நான்கு இலட்சத்திற்கு மேல் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. அவ்வுறையின் முகப்பில் தீட்டப்பட்டிருந்தது புன்னகைகளை விற்கும் ஒரு கடை!

அழுதுகொண்டிருந்தவர் செய்த புன்னகை போலியானது என்று கூறிவிடலாமா? கூறலாம் என்பதற்கு அறிஞர் டோல்ஸ்டோயின் துணையும் உண்டு. 'கலை என்பது யாது?' என்னும் நூலில் அவர், கலைஞன் தான் உண்மையாக உணர்ந்த உணர்ச்சியைப் பிறர்பால் தொற்றச் செய்வதே கலை என்றார். உணராததை உணர்ந்தாற்போலக் காட்டுவது அவர் கருத்திற் போலிக்கலையாகும்.

இக்கொள்கை கவர்ச்சியுடையதேயாயினும் நமது அனுபவத்துடன் முற்றும் பொருந்துவதில்லை. இழவு வீட்டிலே ஒப்பாரியைத் தொடக்கிவைக்கும் முதியவளை நினைத்துப் பார்ப்போம். இறந்தவர் அவளுக்கு உறவினர் அல்லாதிருக்கலாம். அவள் குரலெடுத்த பின்னரே, துயரம் தொண்டையை அடைக்க இருந்த மனைவியும் மக்களும் வாய்விட்டு அழுகின்றனர். 'கூலிக்கு மாரடித்தல்' என்று நாம் இகழ்வது மனமின்றிச் செய்யும் வேலையையே. பிறர் துயருக்கு மொழி தருபவளைப் பொய்யள் என்று எவரும் இகழ்வதில்லை. துயரத்திற்கு இது பொருந்துமாயின் மகிழ்ச்சிக்குப் பொருந்தாதிருப்பதேன்? பாட்டு என்பது பாடுவோன் தன் மனநிலை பற்றி வழங்கும் வாக்குமூலமன்று. தன்னிடம் இல்லாத ஒன்றைப் பிறர்க்கு ஆக்கிக் கொடுத்தலும் மனிதனாற் கூடும். பசித்தவன் சமைத்த சோறு பிறர் பசியைத் தீர்க்காமற் போவதில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலிலும் உவகையை இறுதியிலும் வைத்து, இரண்டையும் வெவ்வேறாகக் கொண்டமை ஈண்டு கருதத்தக்கது. எள்ளலிலிருந்தும் நகை பிறக்கும் என்பது அவர் கொள்கை. எனவே சிரிப்பவரெல்லாம் மகிழ்ந்திருப்பவர் என்று கொள்ள வேண்டிய கட்டாயம் நமது மரபில் இல்லை.

அங்ஙனமாயின் இன்பப் பாடலிற் பொய்யே இல்லையா? உண்டு. அது பாடகனின் நெஞ்சில் அன்று, உறையிலே உள்ளது. வாய்மையாவது தீங்கு பயவாத சொல் என வள்ளுவர் வரையறுத்தார். அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், ஒரு புன்னகை எவருடைய வருத்தத்தை மறைக்கின்றது என்பதே முதன்மையான வினாவாகும். 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டிலே தாளமும் நரம்பும் இசைத்தோர் பெரும்பாலும் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒலிப்பதிவுக்கூடக் கலைஞர். முரசு முழக்கிய ஹல் பிளேன், கிற்றார் வாசித்த கரோல் கே முதலியோர் அவருட் சிலர். வெளிவந்த காலத்தில் அதன் உறையிலே அவர்கள் பெயர் இடம்பெறவில்லை. கூலி கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

'பெயர்' என்றதும் மலையகத்தார்க்கு வேறொரு பொருளும் தோன்றும். தோட்ட வழக்கிலே 'பேர்' என்பது ஒரு நாட் சம்பளம். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. அங்ஙனம் தன் பேரையே நாள்தோறும் நிறுத்துப் பெறும் பெண்ணின் உருவம், தேயிலைப் பெட்டியின் மேலும் விளம்பரத்திலும் கூடையுடன் புன்னகை பூத்து நிற்பதை யாவரும் கண்டுள்ளோம். அவள் சிரித்திருக்கலாம். அச்சிரிப்பு உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் மழையையும் அட்டையையும் லயத்து ஒற்றை அறையையும் வாங்குவோன் கண்ணிலிருந்து மறைக்கும் திரையாக அது மாற்றப்படும்போது, உண்மைச் சிரிப்பே பொய்க்குக் கருவியாகின்றது. கலிபோர்னியாவில் ஓவியன் வரைந்த புன்னகைக் கடை வேடிக்கைச் சித்திரமே. தேயிலைப் பெட்டியிலோ அக்கடை மெய்யாகவே நடைபெறுகின்றது.

இதே மலைகளில் வேறொரு சிரிப்பும் உண்டு. பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அம்மக்களின் பாடல்களிலே கங்காணியும் துரையும் நகைப்புக்கு இலக்காவதைக் காணலாம். காதலும் கேலியும் தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே வாயிலிருந்து பிறக்கின்றன. 1948இல் குடியுரிமையை இழந்து, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தாற் குடும்பங்கள் இரு நாடுகளுக்கெனப் பிரிக்கப்பட்ட காலத்திலும், திருமண வீட்டிலும் திருவிழாவிலும் தப்பு முழங்காது ஓயவில்லை. அம்மகிழ்ச்சியைப் போலியென யார் கூறுவார்?

பாடித் திரிவோர் உரிமை கேளார், ஆகவே இன்பப் பாடல் அடிமைத்தனத்துக்குத் துணைபோகும் என்பர் சிலர். இத்தடையைப் புறந்தள்ள இயலாது. தொழிலாளி பாடுவதைக் கண்டு, அவனுக்குக் குறையில்லை என முடிவு செய்த முதலாளிகள் உலகெங்கும் இருந்துள்ளனர். ஆனால் அது கேட்டோரின் குற்றம். தன்னைப் பாடும் வாயே மறுகணம் கங்காணியை ஏசவும், இறந்தவர்க்கு அழவும் இடம் விடுகின்ற பாடல் எவரையும் ஊமையாக்குவதில்லை. அழுகையை விலக்கி, 'எப்போதும் சிரித்திரு' எனக் கட்டளையிடும் மகிழ்ச்சியே அஞ்சத்தக்கது.

'ஸ்மைல்' முடிவுறாமற் போனமையையும் இந்நோக்கிலேயே கருதலாம். பாட்டு முடியுமுன் உறை அச்சாயிற்று. புன்னகை பிறக்குமுன் அதற்கு விலை குறிக்கப்பட்டது. இயலாதபோது நிறுத்திக்கொண்ட வில்சன், 2004இலே அப்படைப்பை நிறைவுசெய்து தம் குழுவினருடன் லண்டன் மேடையில் பாடினார். 1967இல் வராத புன்னகை முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்து வந்தது. 2025இல் அவர் மறைந்தார். இடையிற் கழிந்த அத்தனை ஆண்டு மௌனத்தையும் தோல்வியென்று மட்டும் கூறுதல் பொருந்தாது. சிரிக்க இயலாதபோது சிரியாதிருக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டு. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் அது உண்டு.

ஆகவே, இன்பப் பாடலைக் கேட்கும்போது, பாடியவன் மகிழ்ந்திருந்தானா என ஆராய்வதில் நாம் காலங்கழிக்க வேண்டுவதில்லை. அதை யார் யார் ஆக்கினர், அவர்தம் பேர் எங்கே, அவர் அழ விரும்பின் அதற்கு இடமுண்டா என்று கேட்போமாக. இவ்வினாக்களுக்கு நேரிய விடை கிடைக்குமாயின், அப்பாடலைத் தயக்கமின்றிப் பாடலாம், ஆடலுமாம்.