தேவையும் உரிமையும்

பசித்தவன் பிறன் உணவை எடுத்தல் குற்றமாகுமா என்னும் வினா அறவியலிற் பழையது. உயிர்க்கு இடர் நேர்ந்தவிடத்து அவ்வாறு எடுத்தல் களவாகாது என்பது மத்தியகால மெய்யியலாளரான தோமஸ் அக்குவைனாசின் முடிபு. இம்முடிபின் வலிமையையும் எல்லையையும் வேர்ஜீனியாவின் வரலாறு ஒருங்கே காட்டுகின்றது.

1607ஆம் ஆண்டு மே மாதத்தில், லண்டன் வேர்ஜீனியாக் கம்பனியின் சார்பில் நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர் ஜேம்ஸ்ரவுணிற் குடியேறினர். அது ஆளற்ற நிலமன்று. ஏறத்தாழ முப்பது குடிகளை ஒன்றிணைத்திருந்த பவுஹற்றன் மக்களின் தலைவர் வாகுன்செனக்காவின் ஆட்சி அங்கு நிலவியது. வந்தோர் பயிர்செய்து வாழ வல்லவராயிருக்கவில்லை. அம்மக்கள் அளித்த சோளமே முதலாண்டில் அவர்களைக் காத்தது.

ஈண்டு ஓர் உண்மை கருதற்பாலது. 1606 முதல் 1612 வரையான காலம் அப்பகுதியிற் கடும் வறட்சிக்காலமாயிருந்தமையை மரவளைய ஆய்வுகள் நிறுவியுள்ளன. எனவே வந்தோர்க்கு மட்டுமன்றி உணவளித்தோர்க்கும் தானியம் அரிதாயிற்று. ஆயினும், கொடுக்கத் தயங்கிய ஊர்களில் ஆங்கிலேயர் படைக்கலங்காட்டித் தானியம் பெற்றனர். வன்முறை தொடரின் மக்கள் உணவை மறைத்துக் காட்டினுட் சென்றுவிடுவர் என்றும், அதனால் வந்தோரே பட்டினியுறுவர் என்றும் தலைவர் எச்சரித்தமையை ஜோன் சிமித்தே எழுதியுள்ளார். 1608இல் அத்தலைவருக்கு முடிசூட்டி, அவரை ஆங்கில மன்னருக்குக் கீழ்ப்படிந்தவராக்கவும் முயன்றனர். அவர் மண்டியிட மறுத்தார். தோளை அழுத்திச் சற்றுக் குனியச்செய்தே முடியை வைத்தனர்.

அக்குவைனாசின் முடிபை ஏற்பினும், அது பசித்தவனுக்கு உணவைத் தருமேயன்றி வயலைத் தராது. உடையவனும் பசித்திருப்பின் உணவையுந் தராது. தேவை ஒருவனைக் கடனாளியாக்கலாம், உடைமையாளனாக்காது. 1614அளவில் புகையிலை ஏற்றுமதி தொடங்கியபின், உயிர்காக்கும் தேவை ஊதியந்தேடும் தேவையாக மாறிற்று. எனினும் நிலங்கொள்வதற்குத் தேவையே நியாயமாகக் காட்டப்பட்டது.

1622 மார்ச் 22இல் ஓப்பிச்சன்கனோவின் தலைமையில் நிகழ்ந்த தாக்குதலில் 347 குடியேறிகள் மாண்டனர். பெண்டிரும் குழந்தைகளும் அவருள் அடங்குவர். முன் இழைக்கப்பட்ட அநீதி இக்கொலைகளுக்குக் காரணமாகலாம், நியாயமாகாது. துன்புற்றவன் செய்தான் என்பதனால் மட்டும் ஒரு செயல் அறமாகிவிடாது. அவ்வாறே, இத்தாக்குதலினால் அம்மக்களின் விளைநிலங்களைக் கைக்கொள்ளும் உரிமை தமக்குக் கிடைத்ததென எட்வேட் வோட்டர்ஹவுஸ் அவ்வாண்டில் எழுதியதும் அறமன்று. கொன்றவனை ஒறுத்தல் வேறு. அவன் இனத்தவர் அனைவரின் நிலத்தையும் கவர்தல் வேறு.

1646ஆம் ஆண்டு உடன்படிக்கை அம்மக்களை ஆண்டுதோறும் திறை செலுத்துமாறு பணித்தது. அவர்தம் வழித்தோன்றல்களான பமங்கி, மற்றப்பொனை மக்கள் இன்றும் ஆண்டுதோறும் வேர்ஜீனியாவின் ஆளுநரிடம் திறைப்பொருளை ஒப்படைக்கின்றனர். தாம் செய்த உடன்படிக்கையை அவர்கள் மறக்கவில்லை. ஆயின் 1607இல் உண்ட சோளத்தின் கடன் எவ்வுடன்படிக்கையிலும் எழுதப்படவில்லை. கடன்பட்டவன் திறைபெறுவோனாக மாறிய அவ்விடத்திலேயே தேவைக்கும் உரிமைக்கும் இடைப்பட்ட எல்லை அழிந்தது எனலாம்.