விரதமும் விருந்தும்

இலையில் சோறு விழுந்ததும் அதன்மேல் பருப்பும், பருப்பின்மேல் ஒரு கரண்டி உருக்கிய நெய்யும் விழவேண்டும் என்பது எங்கள் திருநெல்வேலிச் சீமைச் சைவக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நின்று நிலவும் சம்பிரதாயம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதத்து நண்பகல் ஒன்றில், என் அன்னை அந்த நெய்க்கரண்டியை என் இலைக்கு மேலே நீட்டியபோது, நான் கையை விரித்து இலையை மறைத்தேன். கரண்டி அந்தரத்தில் நின்றது; அதன் விளிம்பில் திரண்டிருந்த ஒரு துளி என் புறங்கையில் விழுந்து சுட்டது. "ஏன் ஐயா, நெய்யிலே என்ன பாவம் இருக்கு?" என்று அவள் கேட்டாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. தன் கையால் இட்டதை மகன் முதன்முதலாக வேண்டாமென்று விட்டானே என்ற திகைப்புத்தான் இருந்தது. நெய்யில் உள்ள பாவம் இன்னதென்று நான் எனக்குள் தீர்மானித்திருந்தேன். அந்தக் கரண்டியைத் தடுத்ததில் உள்ள பாவம் எவ்வளவு என்பதை மட்டும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அன்று தொடங்கிய விசாரம் இன்றுவரை என்னை விடவில்லை.

நாம் சைவ உணவு என்று சொல்லுவது புலாலை விலக்கியதே ஒழியப் பாலையும் தயிரையும் விலக்கியதன்று. அவற்றையும், முட்டை, தேன் முதலியவற்றையும் ஒருங்கே விலக்கும் நெறியை மேனாட்டார் வீகன் என்பர். 1944-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்னும் ஆசிரியரும் அவருடைய தோழர் சிலரும் ஒரு சங்கம் கண்டபோது, வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் இணைத்து அப்பெயரை ஆக்கினார்கள். தமிழில் நனிசைவம் என்ற அழகிய சொல் இப்பொழுது வழக்கில் வந்திருக்கிறது.

ஆயினும், அப்பெயரைக் கேள்விப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே எனக்கு அந்நெறியைப் போதித்தது என் பாட்டனாருடைய மாட்டுத் தொழுவம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அங்கே ஓர் இளங்கன்று இறந்துபோயிற்று. கன்றைக் காணாத பசு பால் சுரக்காது என்பதனால், அதன் தோலை உரித்து உலர்த்தி, வைக்கோலைத் திணித்துத் தைத்து, நான்கு குச்சிகளைக் கால்களாக நாட்டித் தாய்ப்பசுவின் முன்னே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பசு அதை மோந்து பார்த்தது, பிறகு கழுத்திலிருந்து முதுகுவரை நிதானமாக நக்கத் தொடங்கியது, மடி சுரந்தது, செம்பில் பால் பீறிட்டு விழும் ஓசை கேட்டது. அன்று மாலை அந்தப் பாலை நானும் குடித்தேன். நடு வயதைக் கடந்த பின்பு ஒரு நாள், காரணம் ஏதும் இன்றியே, அந்த நாக்கின் அசைவு என் மனக்கண்ணில் தோன்றியது. அதன் பிறகு பால் என் தொண்டையில் இறங்கவில்லை.

இனி, இந்த விரதத்தை எங்கே வைத்துக் காப்பது என்னும் கேள்வி எழுகிறது. திருக்குறளின் அதிகார வைப்பைக் கூர்ந்து நோக்குவார்க்கு இதன் சிக்கல் நன்கு புலனாகும். இல்லறவியலில் அன்புடைமை எட்டாவது அதிகாரம், அடுத்தது விருந்தோம்பல், அதற்கும் அடுத்தது இனியவை கூறல். உள்ளத்து அன்புக்கும் நாவின் இனிமைக்கும் நடுவிலேதான் வள்ளுவர் விருந்தினருக்கு இலை போட்டிருக்கிறார். புலால் மறுத்தலோ துறவறவியலில், 26-ஆம் அதிகாரமாக, அருளுடைமைக்கும் தவத்துக்கும் இடையே நிற்கிறது. தவத்தை அடுத்துக் கூடாவொழுக்கம் என்ற எச்சரிக்கையும் வந்துவிடுகிறது. துறவிக்கு அடுப்பு இல்லை. ஆதலால் விருந்தினரும் இல்லை, நெய்க்கரண்டியோடு வந்து நிற்கும் தாயும் இல்லை. தாய்க்கும் தமக்கைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சோறு வடித்துக்கொண்டே, துறவிக்குரிய விலக்கு ஒன்றைத் தன் நாவின்மேல் ஏற்றுக்கொள்பவன், இருவேறு இயல்களில் வைக்கப்பட்ட அறங்களை ஒரே அடுப்படியில் நடத்திக் காட்டவேண்டியவனாகிறான்.

இட்டதை ஏற்பதே பெரிது என்று கொண்ட நெறியும் நம் நாட்டில் இருந்தது. பிக்ஷுக்கள் மீனும் இறைச்சியும் உண்ணலாகாது என்று விதிக்க வேண்டுமெனத் தேவதத்தன் கோரியபோது, பகவான் புத்தர் அதை விதியாக்க இசையவில்லை. தனக்கென்றே கொல்லப்பட்டதாகக் கண்டோ கேட்டோ ஐயுற்றோ இராதவரையில், திருவோட்டில் விழுந்ததைப் பிக்ஷு ஏற்கலாம் என்று விட்டார். இதை நான் பலகாலும் சிந்தித்ததுண்டு. பிக்ஷு பிறர் அடுப்பை நாடிச் செல்பவன். என்ன சமைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. எனக்கோ அடுப்பு இருக்கிறது, கரண்டி இருக்கிறது, சந்தைக்குப் போய்வரக் காலும் இருக்கிறது. ஏற்பதில் அவனுக்கு உள்ள பணிவை, ஆக்கிப் படைப்பதில் நான் காட்டவேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

அவ்வாறு ஆக்கத் தொடங்கியபோது, எங்கள் ஊர்ச் சமையலே எனக்கு முன்னால் பாதிவழி வந்து நிற்பதைக் கண்டு வியந்தேன். இட்டிலியும் இடியாப்பமும் ஒருபுறம் இருக்க, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆக்கிப் படைக்கும் சொதியிலே பசுவின் பால் ஒரு துளியும் இல்லை. தேங்காயைத் துருவி மூன்று தரம் பால் பிழிந்து, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கறிகளை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பையும் இஞ்சி பச்சைமிளகாய் விழுதையும் சேர்த்து, கடைசியாகக் கெட்டியான முதற்பாலை ஊற்றி, நுரைத்து வரும்போதே இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். எலுமிச்சை பிழிவதும் இறக்கிய பிறகுதான். இஞ்சிப் பச்சடியோடு இச்சொதி விளம்பப்பட்ட பந்தியில், இதில் இன்னது இல்லை என்று எவரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

தயிர்தான் என்னைச் சோதித்தது. இரவெல்லாம் ஊறிய வேர்க்கடலையைத் தோல் நீக்கி அரைத்து, துணியில் பிழிந்து வடிகட்டி, அடிப்பிடிக்காமல் துழாவிக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் நாலைந்து மிளகாய்க் காம்புகளை இட்டு மூடிவைத்தால், காம்பில் இயல்பாகவே தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து உறையச் செய்கின்றன. முதல் நாள் தயிர் சற்று நெகிழ்ந்திருக்கும். அதையே உறைக்கு ஊற்றினால் அடுத்தது இறுகிவரும். மூன்றாம் தரம் உறைந்ததில் கடுகும் இஞ்சியும் தாளித்துக் கொட்டி அன்னையின் இலையில் வைத்தேன். ஒரு கவளம் உண்டுவிட்டு, "கடலை வாடை அடிக்குது, ஆனாலும் புளிப்பு சரியா இருக்கு" என்றாள். அந்த நேர்மையான தீர்ப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தமக்கையின் பேரனுடைய பிறந்தநாளுக்கு முட்டையின்றி ஒரு கேக் செய்தேன். மைதாவில் ஆப்பசோடாவைக் கலந்து, எண்ணெயும் நீரும் சர்க்கரையும் சேர்த்து, இறுதியில் ஒரு கரண்டி வினிகரை விட்டால், சோடாவும் புளிப்பும் கூடிக் கரியமிலவாயு எழுந்து மாவைத் தூக்குகிறது. அவ்வாயு கலைந்துபோகுமுன் தாமதியாது அடுப்பில் ஏற்றிவிட வேண்டும் என்பது மட்டுமே இதன் சூட்சுமம். கேக் நன்றாகவே எழும்பியது. எல்லோரும் உண்டு முடிக்கும்வரையில் வாய் திறவாதிருந்து, பிறகு 'இதில் முட்டையே இல்லை' என்று வெளிப்படுத்தி வெற்றி கொண்டாடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். என் மனம் அதற்கு ஒப்பவில்லை. எனக்குத் தெரியாமல் என் குழம்பில் ஒரு கரண்டி நெய்யைக் கலந்துவிட்டுப் புன்னகை செய்வது எப்படி வஞ்சனையோ, அப்படியே இதுவும் வஞ்சனை. உண்பவன் தன் நாவை நம்மிடம் நம்பி ஒப்படைக்கிறான். அந்த நம்பிக்கையைப் பந்தயப் பொருளாக்குவது, எவ்வளவு நல்ல கொள்கையின் பொருட்டானாலும், தகாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிட்டு வெட்டினேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள்; குழந்தை மூன்று துண்டு உண்டது.

இனி என் தர்மசங்கடத்தின் உட்கருவுக்கு வருகிறேன். எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் என் அன்னைக்கு இப்பொழுது கைநடுக்கம். கொதிக்கும் பாத்திரத்தை அவளால் இறக்க முடியாது. பசும்பால் காப்பி இல்லாமல் அவளுக்குப் பொழுது விடிவதும் இல்லை. தேங்காய்ப்பாலிலும் கடலைப்பாலிலும் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன், மரியாதைக்கு ஒரு வாய் அருந்திவிட்டு வைத்துவிட்டாள். எனவே நாள்தோறும் விடியற்காலையில் பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, ஊற்றிக் காய்ச்சி, டிக்காஷன் கலந்து அவள் கையில் கொடுப்பவன் நானே. இந்நெறியில் என்னைவிடத் தீவிரமுடைய இளைஞர் ஒருவர், "நீங்கள் காய்ச்சும் பாலுக்காகவும் ஒரு கன்று விலக்கிக் கட்டப்படுகிறதே, ஐயா" என்றார். அவர் சொன்னது உண்மை. குடிப்பது மகனா தாயா என்ற பேதம் கன்றுக்குத் தெரியாது.

இதற்கு விடை தேடும்போதெல்லாம் எனக்குக் காந்தியடிகளின் நினைவு வரும். 1912-இல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த காலத்தில் அவர் பாலைத் துறந்தார். பசுவும் எருமையும் படும் சித்திரவதை பற்றிக் கல்கத்தாவிலிருந்து வந்த பிரசுரங்கள் அவர் உள்ளத்தை உலுக்கியிருந்தன. 1918-இல் கேடா மாவட்டத்தில் கொடிய வயிற்றுக்கடுப்பால் நோயுற்று, உடல் தேறப் பால் அவசியம் என்று மருத்துவர் வற்புறுத்தியபோது, ஆட்டுப்பாலுக்கு விரதம் தடையில்லையே என்று எடுத்துக்கொடுத்தவர் கஸ்தூரிபா அம்மையார். காந்தியடிகள் இசைந்தார், ஆனால் தம் சங்கற்பத்தின் எழுத்தைக் காத்து அதன் ஜீவனைக் கைவிட்டதாகச் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார். நியாயங்களைக் குவித்து அந்தப் புண்ணை அவர் மூடிவிடவில்லை. நானும் காலையில் பால் காய்ச்சுவதைப் புண்ணியம் என்று அழைக்கமாட்டேன். தாய்க்குச் செய்யும் பணிவிடை என்ற பட்டுத்துணியைப் போர்த்தி அந்தக் கன்றை மறைக்கவும் மாட்டேன்.

ஆனாலும் காய்ச்சுகிறேன். ஏனென்றால், தொழுவத்தில் நடந்த அநீதியின் வேரை ஆராய்ந்து பார்த்தால், பேசமாட்டாத ஓர் உயிர் நம் கையை நம்பி, நம் கட்டுத்தறியில், நம் தயவில் இருக்கிறது என்பதையே நமக்கு அனுகூலமாக்கிக்கொண்டோம் என்பதுதான் அது. என் அன்னையின் கை நடுங்குகிறது, அவள் என் கையை எதிர்பார்த்திருக்கிறாள் என்பதையே வாய்ப்பாகக் கொண்டு, என் விரதத்தை அவள் காப்பியில் நான் கலந்துவிட்டால், தொழுவத்தில் எதை வெறுத்தேனோ அதையே அடுப்படியில் செய்தவனாவேன். அருளை அன்பின் குழந்தையாகக் கண்டவர் வள்ளுவர். தாயைப் பட்டினியிட்டு அந்தக் குழந்தையை வளர்க்க முடியாது. சங்கற்பம் என்பது தன்மேல் தான் இட்டுக்கொள்வது. பிறர்மேல் இட்டால் அதற்குத் தண்டனை என்று பெயர்.

கொல்லாமையில் இராமலிங்க அடிகளைக் காட்டிலும் உறுதி பூண்டவரைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது. புலால் உண்பாரைப் புறவினத்தார் என்று பிரித்து ஒரு கோடு கிழித்தவர் அவர். அவரேதான், பசி என்று வந்தால் அப்புறவினத்தார்க்கும் அன்னமிட்டுப் பசியைத் தவிர்த்தே ஆகவேண்டும் என்றும் விதித்தார். 1867-ஆம் ஆண்டு மே மாதத்தில் வடலூர்த் தருமச்சாலையில் அவர் ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. தாம் கிழித்த கோட்டைச் சோறு மட்டும் கடந்து செல்லலாம் என்று வைத்த அந்த உள்ளத்தின் விரிவை எண்ணும்போது, நனிசைவத்தை மேற்கொண்ட நம்மில் சிலர் ஒரே மேசையில் உட்காரவும் மறுப்பது எனக்கு வருத்தம் தருகிறது. நாம் எழுந்து போய்விட்ட பந்தியில் கன்றுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? ஆக்கிய சோறு பேசட்டும் என்றால், அதை உண்ண மற்றவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டுமே!

பாளையங்கோட்டையில் என் பால்ய நண்பர் ஒருவர் இருக்கிறார், கிறிஸ்தவர். கிறிஸ்துமஸ் காலத்தில் அவர் வீட்டிலிருந்து ஆண்டுதோறும் பலகாரத் தட்டு வரும். நான் விரதம் பூண்ட ஆண்டில், தட்டை எப்படித் திருப்பி அனுப்புவது என்று கலங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவியார் தாமே எடுத்துவந்து, ஓரத்தில் தனியாக ஒரு பொட்டலத்தைச் சுட்டிக்காட்டி, "அண்ணாச்சி, இந்த அச்சு முறுக்கு உங்களுக்கு. முட்டை உடைக்கிறதுக்கு முன்னாலேயே மாவு எடுத்து வச்சிட்டேன், தேங்காய்ப்பால்தான்" என்றார். எடுத்து வைத்தல் என்பது நம் வீடுகளின் மிகப் பழைய அறம். நேரம் கழித்து வருபவனுக்கு, பத்தியம் இருப்பவளுக்கு, பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தைக்கு என்று கலப்பதற்கு முன்பே ஒரு பங்கை ஒதுக்கி மூடிவைப்பது. அதற்குக் கொள்கையில் ஒற்றுமை வேண்டியதில்லை. இன்னார்க்கு இன்னது ஆகாது என்ற நினைவு, கை கலக்கும் அந்தக் கணத்தில், மனத்தில் எழுந்தால் போதும். விரதத்தையும் விருந்தையும் ஒரே அடுப்படியில் இணைத்து வைக்கும் வழி இதுவே என்று நான் துணிகிறேன். நான் அன்னையின் காப்பிக்குப் பாலை எடுத்து வைக்கிறேன். அவள் பொங்கலில் நெய் வார்க்குமுன் என் பங்கை எடுத்து வைக்கிறாள். கன்றின் துயரம் இதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதைப் பற்றி அவளிடம் நான் பேசுவதற்கும், அவள் செவிகொடுப்பதற்கும் ஓர் இடம் உண்டாகியிருக்கிறது.

கை நடுங்கினாலும், விசேஷ நாட்களில் நெய்யை மட்டும் இன்றும் அவளே பரிமாறுவாள். வேறெவரிடமும் கரண்டியைத் தரமாட்டாள். இலை இலையாக வந்து, என் இலையை நெருங்கும்போது, கரண்டியைத் தன் மார்போடு அணைத்து, மற்றொரு கையைக் கிண்ணம்போல் அதன்கீழே ஏந்திக்கொண்டு, ஒரு துளியும் சிந்தாதபடி மெல்லக் கடந்து செல்கிறாள்.