இருட்டுமுன் வீடு

கண்டியில் வேலை, வத்தேகமவில் வீடு என்று சொன்னால் அலுவலகத்தில் இரண்டு விதமான பதில் வரும். கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், "ஆ, நக்கிள்ஸ் பக்கமா? குடுத்து வச்சவரு சேர் நீங்க" என்பார்கள். கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், "தினமும் வந்து போறீங்களா? டவுன்லயே ஒரு அனெக்ஸ் பாக்கலாமே" என்பார்கள். முதல் பதில் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துச் சொல்வது. இரண்டாவது திங்கட்கிழமையை நினைத்து. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கே குடியிருப்பது என்று கணக்குப் போடும்போது வாடகை ஒரு வரி, போக்குவரத்து ஒரு வரி, மலை காடு என்ற ஆசைகளுக்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுதுகிறோமே, அந்தப் பிரிப்பில்தான் எனக்குச் சந்தேகம். வாடகையை விடுங்கள், அது காசு. மற்ற இரண்டுக்கும் நாம் கொடுப்பது பகல் வெளிச்சம். ஒன்றுக்குக் கூடக் கொடுத்தால் மற்றதற்கு இல்லை.

கண்டி நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. நவம்பரில் ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே சூரியன் மறைந்துவிடும். ஜூலையில் மிஞ்சிப்போனால் ஆறரை. வருஷம் முழுக்கப் பார்த்தாலும் முக்கால் மணிக்கு மேல் வித்தியாசம் வராது. லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் ஜூன் மாதத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ஆறுதலாகச் சாப்பிட்டு, அதற்குப் பிறகும் வெயிலில் நடக்கிற படங்களை அனுப்புகிறார்கள். அங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம். தூரத்தில் வீடு எடுத்தவனுக்குக் கோடை கொஞ்சம் ஈடு கொடுக்கிறது. பனிக்காலம் வந்து அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. நமக்கு அந்தக் கொடுக்கல் வாங்கலே கிடையாது. அரச அலுவலகம் 4.15க்கு முடிகிறது. அதிலிருந்து இருட்டும்வரை ஒன்றரை மணி நேரம், நல்ல மாதத்தில் இரண்டு. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய்விட்டால், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி ஒரு பிளேன்டீ குடிக்கிறபோது வாசல் லைட்டைப் போட வேண்டியிருக்கும். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வருகிற "நகரத்தை விட்டுத் தள்ளி இயற்கையோடு வாழுங்கள்" மாதிரியான யோசனைகளைப் படிக்கும்போதெல்லாம், எழுதியவருடைய ஊரில் எத்தனை மணிக்கு இருட்டும் என்று கேட்கத் தோன்றுகிறது.

அரை மணி நேர வெளிச்சத்தின் அருமையை இந்த நாடு ஒருமுறை அனுபவித்துப் பார்த்தது. 1996இல் மின்வெட்டு தாங்காமல் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே வருஷம் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை எங்களோடு இருந்தது. அந்தப் பத்து வருஷத்தில் மாலை ஏழு மணிக்கும் பந்து கண்ணுக்குத் தெரிந்தது. தோட்டத்துப் பையன்கள் ஆட்டத்தைப் பாதியில் விடாமல் முடித்தார்கள். அதற்கு விலையாக விடியற்காலையில் பிள்ளைகள் டோர்ச் அடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்ததும் உண்டு. புலிகள் வசமிருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டும். எந்த நேரம் சரி என்று கேட்டால், எனக்கு அந்த அரை மணியைத் திருப்பித் தந்தால் போதும்.

வத்தேகமவிலிருந்து கண்டி பதின்மூன்று கிலோமீற்றருக்கு முன்னே பின்னே. போயா தினத்தில் விடியற்காலையில் புறப்பட்டால் அரை மணிக்குள் போய்விடலாம். வேலை நாளில் அது வேறு தூரம். கண்டி, எதிரி சுலபமாக உள்ளே வர முடியாது என்பதற்காகவே அரசர்கள் பிடித்து வைத்திருந்த ஊர். மகாவலி வளைத்துக்கொண்டு ஓட, மிச்சத்தை மலைகள் அடைத்திருக்க, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்து வந்து திரும்பினார்கள். 1815 வரை தாக்குப்பிடித்த அந்த ஏற்பாடு இன்றைக்கும் ஒழுங்காக வேலை செய்கிறது. கட்டுகஸ்தோட்டை, கெட்டம்பே, தென்னகும்புர என்று ஒரு சில பாலங்கள். காலை ஏழு மணிக்கு முழு மாவட்டமும் அவற்றின் வழியே உள்ளே நுழையப் பார்க்கிறது. பெரிய பள்ளிக்கூடங்கள் எல்லாம் நகரத்துக்குள் இருப்பதால் பாதி வாகனம் ஸ்கூல் வேன்.

ரயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகிற பாதை 1880இல் திறந்தது, வத்தேகம அதில் ஒரு ஸ்டேஷன். கோப்பியை இறக்குவதற்காகப் போட்ட பாதை. அது திறந்தபோது இலைத்துரு நோய் வந்து கோப்பி செத்துக்கொண்டிருந்தது. யாருடைய வசதிக்காகவும் போடாத பாதையில் இப்போது சீசன் டிக்கெட்காரர்கள் போகிறோம். ஒரு நாளைக்கு ஒரு சில ரயில்தான், ஒற்றைத் தண்டவாளம். ஆனாலும் ரயில் ஓடுகிற நாட்களில், நேரமும் ஒத்துவந்தால், பாலத்து நெரிசலைப் பார்க்காமல் வந்து இறங்கலாம். வாடகை விளம்பரத்தில் "ஸ்டேஷனுக்குக் கிட்ட" என்று போட்டிருந்தால் நான் அதற்குக் கொஞ்சம் கூடவே கொடுப்பேன்.

சூரிச் பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர்கள் புரூனோ ஃப்ரே, அலோய்ஸ் ஸ்டுட்சர் இருவரும் ஜெர்மானியக் குடும்பங்களிடம் வருஷக்கணக்காகச் சேகரித்த தரவை வைத்து 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தூரத்தில் இருக்கிறவன் குறைந்த வாடகையிலோ, நல்ல வீட்டிலோ, கூடுதல் சம்பளத்திலோ அந்தப் பயணத்துக்கு ஈடு பெற்றிருப்பான், இல்லாவிட்டால் வீடு மாறியிருப்பான் என்பது பாடப்புத்தகம் சொல்வது. அவர்கள் பார்த்தபோது அப்படி ஈடு கிடைத்திருக்கவில்லை. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கையில் திருப்தி குறைந்துகொண்டே போனது. காரணம் என் புத்திக்கு எட்டியது இதுதான்: ஜன்னலில் தெரிகிற மலை மூன்றாம் மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். பாலத்து நெரிசல் எத்தனை வருஷம் போனாலும் பழகாது.

2022இல் இந்தக் கணக்கு எங்கள் எல்லோருக்கும் லீற்றரில் வந்து நின்றது. ஆறு மாதத்துக்கு முன் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470. பிறகு கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். என்னிடம் இருந்தது ஒரு பழைய பைக், லீற்றருக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர் ஓடும். ஐந்து நாள் கண்டிக்குப் போய்வர மூன்று லீற்றர் சரி. மிச்சம் ஒன்று. அந்த ஒரு லீற்றரில் ஞாயிற்றுக்கிழமை பன்வில தாண்டி ஹுலுகங்கை பக்கம் போய் ஆற்றில் குளித்துவிட்டு வரலாம். இல்லாவிட்டால் அவசரத்துக்கு என்று டாங்கியிலேயே வைத்திருக்கலாம். அப்போது அம்மாவுக்கு அடிக்கடி மூச்சு முட்டும். நான் வைத்திருந்தேன். பேராதனையில் வேலை, பக்கத்திலேயே போர்டிங் என்றிருந்த நண்பன் அந்த மாதங்களில் ஹந்தானைக்கு நடந்தே ஏறினான். மலைக்குக் கிட்ட வீடு வைத்திருந்த நான் வீட்டில் இருந்தேன், டவுனில் இருந்தவன் மலையில் இருந்தான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு தெளிவு வந்தது. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நக்கிள்ஸைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மலைதான், 1906 மீற்றர் கொம்பனியா சிகரம் அங்கேதான், எல்லாம் சரி. ஆனால் அங்கே போக ஒரு முழுநாள் வேண்டும், மழை விட வேண்டும், சில பாதைகளுக்கு வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் வேண்டும். அப்படி ஒரு நாள் அமைந்தால் கண்டி டவுனில் இருப்பவன் ஒரு மணி நேரம் முந்தி எழும்புவான், அவ்வளவுதான். அதற்காக மற்ற நாளெல்லாம் பஸ்ஸில் உட்கார வேண்டியதில்லை. கேற்றைத் திறந்து காலால் நடந்தே எட்டக்கூடியது என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த அளவுகோலில் கண்டி டவுன் லேசுப்பட்டதில்லை. தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெல, 1938இல் சரணாலயமாக அறிவித்த நூறு ஹெக்டேயர் காடு. டிக்கெட் வாங்கிப் போகிற காடு என்பதுதான் எனக்கு ஒட்டாதது. மரத்தடியில் நிற்கக் காசு கொடுத்துப் பழக்கமில்லாத வம்சம்.

வத்தேகமவில் நடந்து எட்டுகிற தூரத்தில் இருப்பது சிங்களவர், முஸ்லிம்கள், நாங்கள் என்று எல்லோருமாக வளர்த்த வீட்டுத் தோட்டங்கள். சில நாள் மடவளை தாண்டியதும் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவேன். மெயின் ரோட்டை விட்டு உள்ளே ஒரு கொங்கிரீட் பாதை. பலா மரத்தில் மிளகுக் கொடி சுற்றியிருக்கும், கீழே கோப்பி, அதற்கும் கீழே இஞ்சி. கராம்பு காய்கிற காலத்தில் பாதை ஓரமாகச் சாக்கு விரித்துப் போட்டிருப்பார்கள். குக்குறுவான் நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். சில நாள் பாக்கு மரத்தில் கிளி, அதிர்ஷ்டமிருந்தால் இருவாய்ச்சி ஒரு சோடி. ஆறு மணிக்குப் பழந்தின்னி வௌவால் கிளம்பும்போது நான் வாசலில் இருப்பேன். நாலைந்து கிலோமீற்றர் நடை. பஸ்காரனுக்குக் கொடுத்த வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்த சந்தோஷம். ஒக்டோபர், நவம்பரில் இது நடக்காது, மூன்று மணிக்கே இடியும் மழையும். அப்போது விடியற்காலைதான்.

இப்படி எல்லாம் யோசித்து வீடு எடுப்பது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். அப்பாவுக்கு வேலைக்குப் போகிற தூரம் என்று ஒன்று இருந்ததில்லை. அவர் தோட்டத் தொழிலாளி. லயத்துக் கதவைத் திறந்தால் மலை, மலைதான் வேலை. நல்ல காட்சி தெரிகிற மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே சரிவில் லயம். பங்களாக்கள் பல இப்போது சுற்றுலா விடுதிகள். ஒரு ராத்திரிக்குக் கேட்கிற காசைச் சொன்னால் அம்மா நம்பமாட்டார். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். பெரியப்பா குடும்பம் அந்தக் கணக்கில் நீலகிரிக்குப் போனது. எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு கண்டிப் பக்கத்தில் வேலையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. சின்ன மாமா வவுனியாவுக்குப் போனார். யாரும் போக்குவரத்தையும் வாடகையையும் எடைபோட்டுப் போகவில்லை. எங்கே இருப்பது என்று நான் சலித்துக்கொள்ளும்போது அம்மா ஒன்றும் சொல்வதில்லை; ஒரு மாதிரி பார்ப்பார்.

அப்பாவுக்கும் வெளியிலே ஒரு பொழுதுபோக்கு இருந்தது. வேலை முடிந்து ஆற்றங்கரையில் தூண்டில். அன்றைக்கு எனக்கு அது குழம்புக்கு மீன். இப்போது யோசித்தால், காலை முழுக்க அதே மலையில் நின்ற மனுஷன் சாயங்காலம் திரும்பவும் வெளியே போய் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவார்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. வத்தேகமவுக்கு மேலே பன்வில, எல்கடுவ என்று போகப் போகப் பேர்ச் விலை இறங்கும். இறங்குவதற்குக் காரணம் தூரம் மட்டும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது கண்டி மாவட்டம்தான் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடம் வைத்திருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு எச்சரிக்கை. காணி காட்டுகிற தரகர் இதை ஒன்றும் சொல்லமாட்டார், மலை தெரிவதைத்தான் காட்டுவார். சாய்ந்து நிற்கிற மரத்தையும், நிலத்து வெடிப்பையும், திடீரென்று கலங்கி வருகிற ஊற்றையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அந்தப் புயலுக்குப் பிறகு நான் மேலே காணி பார்ப்பதை விட்டுவிட்டேன். அழகான சரிவுகளைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, வத்தேகம. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம், கேற்றுக்கு வெளியே கராம்பு வாசம், வாடகை கட்டுப்படியாகிறது, அம்மாவுக்குத் தெரிந்த முகங்கள். இத்தோடு விஷயம் முடிந்தது என்று இருந்தேன். போன வாரம் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தார், இரண்டு வருஷத்துக்கு எழுதலாமா என்றார். எழுதலாம் என்று நான் சொல்ல வாயெடுக்கும்போது உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, அடுத்த வருஷம் பெரியவன் ஸ்கொலர்ஷிப் எழுதுறான். பாஸ் பண்ணி கண்டியில ஸ்கூல் கெடச்சா, காலையில அஞ்சரைக்கு அவனை எந்த வேன்ல ஏத்துறது?"

ஒரு வருஷத்துக்கு மட்டும் எழுதினோம்.