கத்தாத உயிரின் வலி

மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில், உய்தா நகரக் கோயிலில் புனிதமாகப் போற்றப்படும் பந்துபோல் சுருளும் சிறு மலைப்பாம்பு, அமெரிக்க வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கப்படுகிறது. அங்கே சூடு தருவதற்காக வைக்கும் வெப்பக்கல் அளவுமீறிச் சூடேறினாலும் பாம்பு பல நேரம் விலகாமல் கிடக்க, அதன் வயிறு வெந்துபோகிறது. ஓயாத ஈரத்தில் செதில்கள் அழுகுகின்றன. வலி தெரியாத உயிருக்கு மருத்துவம் எதற்கு என்பவர்கள் உண்டு. வலியுணரும் நரம்புகள் பாம்புக்கும் இருக்கின்றன. கத்தத் தெரியாததை வலியின்மை என்று எடுத்துக்கொள்வது நம் பிழை. அன்பைத் திருப்பித் தராத உயிரிடம் என்ன கடமை என்ற கேள்விதான் கடினமானது. காட்டில் வெயிலையும் நிழலையும் அதுவே தேர்ந்துகொள்ளும். அந்தத் தேர்வைப் பறித்த கணத்திலேயே வளர்ப்பவர் கடன்பட்டுவிடுகிறார். பாம்பு அவரை அறிகிறதா என்பது அந்தக் கடனை மாற்றாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், கால்நடை மருத்துவர் சொன்னபடி சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, புண் ஆறும்வரை பல தோலுரிப்புகளுக்கான பொறுமை ஆகிய மூன்றும் அந்தக் கடனில் அடங்கும்.