எத்தீமின் ஐந்நூறு ரூபாய்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நாம் வீடு திரும்பியபோது நம் வீட்டாரிடம் ஒரு மஸ்அலா கேட்டு வைக்கப்பட்டிருந்தது. கேட்டவர் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளம் விதவை. கணவர் வஃபாத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுச் சென்ற சிறிய சொத்து மார்க்க முறைப்படி பங்கிடப்பட்டு, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகனின் பங்கு அவன் பெயரில் தனியே வைக்கப்பட்டிருக்கிறது. பையனின் படிப்புச் செலவெல்லாம் அதிலிருந்துதான் நடைபெறுகிறது. பள்ளிக்கூடத்தின் பெற்றோர் ஆசிரியர் கழகம், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டுவதற்காக வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டுச் சீட்டு அனுப்பியிருந்தது. வழக்கம்போல் பையனின் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். வந்த ரசீதில் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்ததைக் கண்ட பிறகுதான் மனம் உறுத்தியிருக்கிறது. “எத்தீம் பிள்ளையின் காசிலிருந்து நன்கொடை கொடுப்பது கூடுமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எளிய கேள்விதான் என்று முதலில் நாம் எண்ணினோம். எத்தீமின் பொருளை அவனுக்கு நன்மை தரும் வழியிலன்றி நெருங்கவும் கூடாது என்று திருமறையின் ஆறாவது அத்தியாயம் எச்சரிக்கிறது. அவனுடைய உணவு, உடை, மருந்து, படிப்பு ஆகியவற்றுக்கு அவன் பொருளிலிருந்து அளவோடு செலவிடலாம். ஆனால் அதிலிருந்து ஸதகா கொடுக்கவோ, அன்பளிப்புச் செய்யவோ பொறுப்பாளருக்கு அதிகாரமில்லை. எவ்வளவு நல்ல காரியமாக இருப்பினும் சரியே. பள்ளிக்கட்டணம் என்றால் கூடும். நன்கொடை என்றால் கூடாது. இதில் ஷாஃபிஈ, ஹனஃபீ என்ற பேதமில்லை.

இருப்பினும், விசாரிக்காமல் பதில் சொல்வது முறையல்ல என்று எண்ணி, “கொடுக்காமல் இருந்திருக்கலாமே, ஏன் கொடுத்தீர்கள்?” என்று கேட்டனுப்பினோம். மறுநாள் பதில் வந்தது. கொடுக்காத பிள்ளைகளை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்கிறார்களாம். பணம் வராதவர்களுக்கு ரேங்க் கார்டு கிடையாது என்று சொல்லியிருக்கிறார்களாம். கொடுத்தவர்களின் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் தினந்தோறும் வருகிறதாம். பட்டியலில் இல்லாதவர் யார் என்று கண்டுகொள்ள எவருக்கும் தனி அறிவு தேவையில்லை அல்லவா?

இப்போது மஸ்அலா எளிதாக இல்லை. ரசீது நன்கொடை என்கிறது. கேட்ட விதமோ கட்டணம் என்கிறது. இரண்டில் எது? இரண்டுமில்லை என்பதே உண்மை. கட்டணம் என்றால் அதை விதிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எழும். ஏழைக்கு விலக்கு உண்டா என்று கேட்பார்கள். நன்கொடை என்றால் மறுக்கும் உரிமை கொடுப்பவருக்கு இருக்க வேண்டும். இந்த இரண்டு தொல்லைகளிலிருந்தும் தப்புவதற்காகவே நன்கொடை என்ற பெயரும் கட்டணத்தின் பிடியும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் அந்தத் தாய் செய்தது பாவமா? கிதாபுகளைப் புரட்டினோம். அவருக்கு விடை கிடைத்தது. அநியாயக்காரன் ஒருவன் எத்தீமின் உடைமைக்குத் தீங்கு செய்வான் என்று அஞ்சினால், அதில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்து மற்றதைக் காத்துக்கொள்ளப் பொறுப்பாளருக்கு அனுமதியுண்டு என்று ஃபகீஹ்கள் எழுதியிருக்கிறார்கள். பையனின் மானத்தையும் படிப்பையும் காக்கவே அவர் கொடுத்திருப்பதால், இதை ஒப்பு நோக்கி அவர்மீது குற்றமில்லை என்று நாம் முடிவு செய்தோம். அவருக்கு நிம்மதி, நமக்கு இல்லை. அவர் விடுபட்டது, ‘ஸாலிமுக்குக் கொடுப்பது’ பற்றிய சட்டத்தின் வழியாக. அந்தக் கழகத்தின் செயற்குழுவில் நாமும் ஓர் உறுப்பினர். அந்தச் சீட்டின் அடியில் நம்முடைய கையெழுத்தும் இருந்தது.

நம்மவர்களில் பலர், பலாத்காரம் என்றால் கத்தியும் தடியும் என்றே நினைக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பலர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவரிடம் பொருள் கேட்டு, அவர் வெட்கத்துக்கு அஞ்சிக் கொடுத்தால், அது பறித்துக்கொண்டதற்கு ஒப்பானது. உடலைச் சாட்டையால் அடிப்பதற்கும் உள்ளத்தை வெட்கம் என்னும் சாட்டையால் அடிப்பதற்கும் வேற்றுமை இல்லை என்பது அவர்களுடைய கருத்து. மனமொப்பித் தராத பொருள் ஹலாலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் மிம்பரில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அந்த மனமொப்புதலை வகுப்பறையில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நிற்க வைத்துப் பெறலாம் என்று எந்தக் கிதாபிலும் நாம் படித்ததில்லை. பெரியவரிடம் கேட்க வேண்டியதைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவதே முதல் தவறு. வாசலில் வந்து கேட்பவரிடம் ‘இந்த மாதம் முடியாது’ என்று ஒரு தகப்பன் சொல்லிவிடுவான். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது எவ்வளவு கடினம்! அந்தக் கடினத்தைத்தான் நாம் வசூலுக்குக் கருவியாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம். நம் ஊர்ப் பள்ளியில் பிற மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரின் பணத்துக்கும் இதே சட்டம்தான்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களுக்காக மக்கள் கொடுத்த வரலாறு சிறியதல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் ஊராரின் கொடையையும் நம்பியே தொடங்கியது. 1958 முதல், கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. தட்டு, டம்ளர், பெஞ்சு, மேசை என்று கிராமத்தார் கொண்டுவந்து குவித்தார்கள். நிலமும் கட்டடமும் கொடுத்தவர்களும் உண்டு. அங்கே கேட்கப்பட்டது ஊராரிடம், பையனிடமல்ல. தட்டு கொடுத்தவர் அந்தத் தட்டில் பிள்ளைகள் சாப்பிடுவதைப் போய்ப் பார்க்கவும் முடிந்தது.

கட்டாய நன்கொடையை உலகச் சட்டமும் ஒப்பவில்லை. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி அறிவித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் நன்கொடை வாங்கினாலும் அதைத் தலைவரிக் கட்டணம் என்றே வரையறுத்து, சேர்க்கையின்போது வாங்குவதைத் தடுக்கிறது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நிர்வாகிகள் சிலர் அதைச் சொல்லி நிம்மதி அடைவதையும் கேட்டிருக்கிறோம். நிம்மதி அடையும் இடமா இது?

செயற்குழுவில் நாம் இதைப் பேசியபோது ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார்: “ஹஜ்ரத், நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் கட்டாயம் இல்லையென்றால் எவர் கொடுப்பார்? அந்தப் பெண்பிள்ளைகள் காலையில் வந்தால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களே, அதற்கு என்ன மஸ்அலா?” இதை அலட்சியம் செய்ய நம்மால் முடியவில்லை. நம் மகளும் அங்கேதான் படிக்கிறாள். தண்ணீர்ப் பாட்டில் நிரம்பியபடியே வீடு திரும்புவதை நாமே பார்த்திருக்கிறோம்.

தேவை உண்மையானது, அதனால் வழியும் நேரானதாக இருக்க வேண்டும் என்றே நாம் பதில் சொன்னோம். பைத்துல்மால் காலியாகி, சமுதாயத்துக்குத் தவிர்க்க முடியாத தேவை ஏற்பட்டால் வசதியுள்ளவர்மீது வரி விதிக்கலாம் என்று இமாம் கஸ்ஸாலீ, இமாம் ஷாத்திபீ (ரஹ்) போன்றோர் எழுதியிருக்கிறார்கள். அது அரசாள்பவருக்குச் சொல்லப்பட்டது. கழகம் அரசல்ல. ஆயினும் அதில் ஒரு முறை இருக்கிறது: தேவை மெய்யாக இருக்க வேண்டும், பெயரை மறைக்காமல் விதிக்க வேண்டும், தாங்கக்கூடியவர்மீது விதிக்க வேண்டும். பெற்றோர் கூடி ஒப்புக்கொண்டு, இன்னாருக்கு விலக்கு என்று எழுதி, பள்ளி விதிகளும் அனுமதித்தால் கட்டணம் என்றே கேட்கலாம். இல்லையென்றால் நன்கொடை என்று கேட்டுவிட்டு, கொடுக்காதவரின் பெயர் ஆசிரியருக்கே தெரியாதபடி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்று.

ஆனால், மூத்தவர் கேட்காத இன்னொரு கேள்விக்கும் அன்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கட்டாயமில்லாமல் மக்கள் ஏன் கொடுப்பதில்லை? அதற்கு முந்திய ஆண்டும் இதே கழிப்பறைக்காகத்தான் வசூலித்தோம். நடுவில் ஆண்டு விழா வந்தது. ஷாமியானா, ஒலிபெருக்கி, விருந்தினருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாவற்றுக்கும் கழிப்பறை நிதியிலிருந்து ‘கைமாற்றாக’ எடுத்தோம். அது திரும்பவில்லை. யாரும் தம் வீட்டுக்கு ஒரு பைசா கொண்டுபோகவில்லை என்று நாம் சாட்சி சொல்வோம். அதனால் குற்றமில்லை என்று ஆகிவிடுமா? வசூலிப்பவர் பணத்தின் உரிமையாளரல்ல. கொடுத்தவரின் வக்கீல், அதாவது பிரதிநிதி. எதற்காக ஒப்படைக்கப்பட்டதோ அதைத் தாண்ட வக்கீலுக்கு அதிகாரமில்லை. கழிப்பறைக்குக் கொடுத்தவர் பொன்னாடைக்குக் கொடுக்கவில்லை. மிஞ்சினாலும் கொடுத்தவரிடம் கேட்டே வேறு காரியத்துக்கு எடுக்க வேண்டும். முந்திய ஆண்டின் பொன்னாடையைப் பார்த்தவர்தான் இந்த ஆண்டு கையை இறுக்குகிறார். அவரைக் கஞ்சன் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

பொருள் வாங்கும் இடத்திலும் எச்சரிக்கை வேண்டும். ஸதகா வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ‘இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு’ என்று பிரித்து வைத்தபோது, அவர் தம் தாய் தந்தையரின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அது அவருக்கு வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் மக்கள் முன்னிலையில் கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பள்ளிக்குச் சிமெண்டு போட்ட கடைக்காரர் செயற்குழு உறுப்பினரின் வீட்டுக்கு நான்கு மூட்டையை மலிவாகத் தருவதும் இந்த வகைதான்.

ஜகாத் பற்றி ஒரு வார்த்தை. கழகத்துக்குக் கொடுத்ததை ஜகாத் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று ரமளானில் பலர் கேட்கிறார்கள். ஜகாத் பெறுவோர் எட்டு வகையினர் என்று ஒன்பதாவது அத்தியாயம் வரையறுத்துவிட்டது. கட்டடம் கட்ட ஜகாத்தைப் பயன்படுத்துவதை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் ஒப்பவில்லை. ஏழை மாணவனின் கையில் அதை உரிமையாகக் கொடுத்து, அவன் கட்டணத்தைக் கட்டினால் அது வேறு. பரிசுக் குலுக்கல் சீட்டு விற்று நிதி திரட்டலாம் என்று இளைஞர்கள் யோசனை சொன்னார்கள். அது சூதாட்டத்தின் வாசல் என்று அன்றே தடுத்துவிட்டோம்.

அந்தக் கூட்டம் இஷாவுக்குப் பிறகும் நீண்டது. முடிவில் செயற்குழுவினர் தங்கள் கைப்பணத்திலிருந்து ஐந்நூறு ரூபாயை அந்தப் பையனின் கணக்கில் திருப்பிச் செலுத்தினோம். ஆண்டு விழாவுக்கு எடுத்ததையும் நாங்களே தவணையில் கட்டுவதென்று தீர்மானித்தோம். இருவர் எதிர்த்தார்கள், ஒருவர் விலகினார். பிள்ளைகள் கையில் சீட்டு அனுப்புவது நின்றது. பட்டியலுக்குப் பதிலாக வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் பள்ளி வராந்தாவில் ஒட்டப்படுகிறது.

இந்த ஆண்டு வசூல் குறைந்துவிட்டது. நான்கு அறைகள் கட்ட நினைத்ததில் இரண்டுதான் எழுந்திருக்கின்றன. இரண்டாவதற்குக் கதவு போடப் பணமில்லை. தச்சர் சொன்ன விலையையும், கையிருப்பையும், இன்னும் தேவைப்படும் தொகையையும் நேற்று வராந்தாவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.