மனநெருக்கீடும் முதுமையும்

குருதி அமுக்கத்திற்கும் நீரிழிவுக்கும் மாதந்தோறும் கிளினிக்கிற்குச் செல்லும் முதியோர் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பலர். உணவும் பரம்பரையும் காரணம் என்பர். மனநெருக்கீட்டையும் அவற்றோடு சேர்த்தெண்ணுவோர் குறைவு.

அச்சமோ கவலையோ எழும்போது அதிரினலின், கோட்டிசோல் என்னும் ஓமோன்கள் சுரந்து, இதயத்துடிப்பும் குருதியிலுள்ள வெல்லமும் கூடுகின்றன. ஓடித் தப்புவதற்கு இயற்கை தந்த ஏற்பாடு இது. ஆபத்து நீங்கியதும் அடங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அடங்காதிருப்பின் நித்திரை கெடும்; அமுக்கம் ஏறும்; நோயெதிர்ப்புச் சக்தி குன்றும்.

அவ்வாறாயின், முடிவே தெரியாத துயரத்தை என் செய்வது? 1990 செப்டெம்பர் 5 ஆந் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பவில்லை. 2004 ஆழிப்பேரலையில் உடல் கிடைக்காதோரும் உளர். இறந்த வீட்டிலே ஒப்பாரி உண்டு, எட்டு உண்டு, முப்பத்தோராம் நாள் உண்டு. அழுவதற்கு நாளும் இடமும் துணையும் ஒதுக்கித் தருபவை இவை. காணாமற்போனவரின் தாய்க்கோ இவை எதுவுமில்லை. கருமம் செய்தால் எங்கோ உயிரோடிருக்கும் பிள்ளையைத் தானே சாகடித்ததாகுமோ என்று அஞ்சுகிறாள். அந்த அச்சத்துடனேயே கிழவியுமாகிவிட்டாள்.

“எல்லாம் விதி, மறந்திடுங்க அம்மா” என்போர் நல்லெண்ணத்துடன்தான் சொல்கின்றனர். ஆயினும் பொறுமை வேறு, வாயடைத்திருத்தல் வேறு. கருமம் செய்யும்படி நெருக்கவோ, செய்யாதே என்று தடுக்கவோ அயலாருக்கு உரிமையில்லை. கேட்டிருப்பதே அவர்கள் கடமை.

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் நடப்பதை எண்ணிப் பார்க்கலாம். மதுரையை எரித்த அம்மனைக் கோபம் கொள்ளாதே என்று எவரும் அதட்டுவதில்லை. வழக்குரை படித்து, அவளுக்கு நேர்ந்த அநீதியை ஒன்றும் விடாது சொல்லிய பின்னரே குளிர்த்தி பாடுகின்றனர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், போரால் பாதிக்கப்பட்டோருக்கு மூச்சுப் பயிற்சியையும் அவரவர் சமயத்து மந்திர ஜெபத்தையும் பயன்படுத்தினார். தினமும் பத்து நிமிடம் அமர்ந்து செய்யச் செலவேதுமில்லை. கிளினிக் மருந்தை மட்டும் நிறுத்தலாகாது. உணவும் நித்திரையுமின்றி வாடுவோரை வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வெட்கமும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் குந்தியிருந்து கதைக்கும் முதிய பெண்களைக் கதவு பூட்ட வேண்டுமென்று எழுப்பிவிடும் வழக்கம் கோயில்களில் உண்டு. அரைமணி நேரம் பிந்திப் பூட்டலாம்.