தேயும் இரும்பும் தேயாத பெயரும்

திருக்குறளின் உழவு அதிகாரத்தை மலையகப் பாடசாலையொன்றில் கற்பிப்பது ஆசிரியனுக்கு ஒரு சோதனை. எத்தொழிலில் சுழன்றாலும் உலகம் ஏரின் பின்னேதான் வருகின்றது என்னும் கருத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பின் வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், நம்ம மலையில ஏரே இல்லையே, அப்ப நாங்க எதுக்குப் பின்னால போறது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கூறியது உண்மை. அட்டன், டிக்கோயா, நுவரெலியாப் பகுதிகளின் தேயிலை மலைகளில் கலப்பை ஏறாது. அச்சரிவுகளை உழுது புரட்டினால் மேல்மண் அடுத்த மழையோடு ஆற்றுக்குப் போய்விடும். தேயிலையும் ஆண்டுதோறும் விதைக்கும் பயிரன்று; ஒருமுறை நட்ட செடி பல பத்தாண்டுகள் நின்று பயன்தரும். ஆகவே இங்கே முள்ளுக்குத்தும் கான்வெட்டும் கவ்வாத்துமே உழவு. உழவு இயந்திரம் என்றால் எம் பிள்ளைகளுக்குக் கொழுந்து ஏற்றும் வண்டி. அதன் பின்னால் பெட்டி பூட்டப்படுமேயன்றிக் கலப்பை பூட்டப்படுவதில்லை.

ஆயினும் எம் மக்களில் ஒரு பகுதியினர் இயந்திரக் கலப்பையை நன்கு அறிவர். 1977ஆம் ஆண்டின் இனவன்செயல்களுக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குச் சென்று குடியேறின. என் தாய்மாமனும் அவ்வாறு சென்றவரே. தோட்டத்தில் கொழுந்து வண்டியில் உதவியாளாக இருந்தவர், அங்கே வயற்காணிக்காரர் ஒருவரிடம் உழவு இயந்திர ஓட்டுநரானார். இயந்திரம் மெஸி பேர்குசன் 35. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் செய்யப்பட்டது. அதனோடு பூட்டிய தட்டுக் கலப்பையும் ஆங்கில நாட்டுச் செய்பொருளே.

அக்கலப்பையின் அமைப்பை இங்கே சிறிது கூற வேண்டும். தொடக்கத்தில் இயந்திரக் கலப்பைகள் வண்டியைப் போலப் பின்னால் இழுத்துச் செல்லப்பட்டன. அயர்லாந்தில் பிறந்த ஹரி பேர்குசன் 1930களில் வேறொரு முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தார். கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று இணைப்புகளால் கலப்பையை இயந்திரத்தின் மீதே ஏற்றி, எண்ணெய் அழுத்தத்தால் அதை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்தார். மண் கலப்பையை எதிர்க்கும்போது அவ்வெதிர்ப்பே பின்சில்லுகளை நிலத்தில் அழுத்திப் பிடிக்கச் செய்தது. எடை குறைந்த இயந்திரம் கடினமான மண்ணையும் உழ முடிந்தது இதனாலேதான். பின்னர் ஏனைய உற்பத்தியாளரும் இம்மும்முனை இணைப்பை மேற்கொண்டனர். அதனால் பழைய கலப்பையைப் புதிய இயந்திரத்திலும் பூட்டலாம்.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் மாமனைக் காணச் சென்றபோது அவர் கலப்பையைக் கழற்றி மரக்குற்றிகளின் மேல் வைத்திருந்தார். தட்டுகளைச் சுழலச்செய்யும் பெயாரிங்குகளைக் கழுவிப் புதிய கிறீஸ் அடைத்துக்கொண்டிருந்தார். தட்டின் விளிம்பு மழுங்கினால் தீட்ட வேண்டும். விட்டம் மிகக் குறைந்தால் மாற்ற வேண்டும். ஒட்டும் மண்ணை வழிக்கும் தகடுகளைத் தட்டோடு நெருக்கிப் பூட்ட வேண்டும். உழவு முடிந்ததும் மண் போகக் கழுவி, துருவேறாதிருக்கக் கழிவெண்ணெய் பூசி நிழலில் வைக்க வேண்டும். எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடையிருந்த 1990களிலும் இவ்வேலையை அவர் நிறுத்தவில்லை. 2009இன் இடப்பெயர்வில் கொவென்றி இயந்திரம் தொலைந்தது. வயலோரத்தில் விட்டுச் சென்ற கலப்பை மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத்தான் இப்போது வேறோர் இயந்திரத்துக்காகச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இதுல பழசு எது?" என்று கேட்டேன்.

"தட்டு மாத்தினது, பெயாரிங் மாத்தினது, போல்ட்டெல்லாம் மாத்தினது. சட்டம் மட்டுந்தான் பழசு, மருமகனே. அதையும் ரெண்டு இடத்துல ஒட்டியிருக்கு" என்றார்.

ஆனாலும் ஊரார் அதை "அந்தப் பழைய இங்கிலீசுக் கலப்பை" என்றே அழைத்தனர்.

இது தத்துவ உலகின் பழைய வினா. ஏதென்சு நகரத்தார் வீரன் தீசியசின் கப்பலைப் போற்றிவந்தனர். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினர். எல்லாப் பலகைகளும் மாறிய பின் அது அதே கப்பலா என்று அறிஞர் வாதிட்டதாகப் புளூட்டாக் எழுதுகின்றார். பதினேழாம் நூற்றாண்டில் ஹொப்ஸ் அவ்வினாவை மேலும் சிக்கலாக்கினார்: கழித்த பலகைகளைச் சேர்த்து ஒருவன் வேறொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது மெய்யானது?

நூலில் படிக்கும்போது இது அறிவு விளையாட்டாகத் தோன்றும். எம் மக்களுக்கோ இது வாழ்க்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் இம்மண்ணில் மடிந்தனர். அவர்தம் பிள்ளைகளும் பேரரும் இங்கே பிறந்தனர். வந்தவருள் ஒருவரும் இன்று இல்லை. ஒவ்வொரு பலகையும் இந்நாட்டு மரத்தாலானது. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை இங்கு பிறந்தாரா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனரா என்று கேட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாத லயத்து மனிதன் நாடற்றவனானான். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. இங்கிலாந்திலிருந்து வந்த கலப்பையை எவரும் திருப்பி அனுப்பவில்லை. அதனிடம் கேட்கப்பட்டது, இன்று உழுமா என்பது மட்டுமே.

மனிதனை இரும்போடு ஒப்பிடலாமா என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டியதே. "நாங்கள் உழைத்தோம், ஆகவே உரிமை தருக" என்று மட்டும் கூறுவோமாயின், உழைக்க இயலாத கிழவிக்கும் நோயாளிக்கும் தொட்டிற் குழந்தைக்கும் உரிமை இல்லையென்றாகும். உழாத கலப்பை பழைய இரும்புக்காரனிடம் போகும். மனிதன் அவ்வாறு போகலாகாது. உழைப்பு உரிமையின் விலையன்று. ஒருவன் ஓரிடத்தில் பிறந்து வாழ்கின்றான் என்பதே போதும். இயந்திரத்துக்குத் தந்த அளவுகோலைக்கூட மனிதனுக்குத் தர மறுத்தனர் என்பதைச் சுட்டவே இவ்வொப்புமை. அதற்குமேல் இது செல்லாது.

ஹொப்சின் இரண்டாவது கப்பலும் எமது வரலாற்றில் உண்டு. அனுப்பப்பட்டவர்களுள் பலர் நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் தேயிலையோடு வாழ்ந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் "சிலோன்காரர்". இங்கே எஞ்சியவர்களை 1911 முதல் குடிசன மதிப்பீடு "இந்தியத் தமிழர்" என்று குறித்துவந்தது. ஆக, இரு கரையிலும் கப்பல் மற்றக் கரைக்கே உரியதாயிற்று. தமிழரிடையேதான் அடைக்கலம் கிடைத்ததா? வன்னிக்குச் சென்றவர்களைத் "தோட்டக்காட்டான்" என்று அழைத்தவர்கள் தமிழரே. என் மாமன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் காணியை உழுதார். தாம் குடியிருக்கும் துண்டு நிலத்துக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. அவர் ஓட்டிய இயந்திரத்துக்குப் பதிவுப் புத்தகம் இருந்தது.

இவ்விடத்தில்தான் கலப்பை எனக்கு ஒன்றைக் கற்பித்தது. இரும்பு தேய்கின்றது, பெயர் மட்டும் தேயாமல் நிற்கின்றது என்று நாம் எண்ணுகின்றோம். அது பிழை. பராமரிப்பின்றி எதுவும் நிற்பதில்லை, பெயரும் நிற்பதில்லை. கலப்பைக்குக் கிறீஸ் அடைக்கும் கை ஒன்று இருப்பதுபோல, "வந்தவன்" என்னும் பெயருக்கும் நாள்தோறும் எண்ணெய் பூசும் கைகள் உள்ளன. குறைந்த கூலிக்கு உரிமையற்ற தொழிலாளியைத் தேடிய முதலாளித்துவத்துக்கு அப்பெயர் தேவைப்பட்டது. வாக்குகளைக் கணக்கிட்ட அரசியலுக்கும் தேவைப்பட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கியது. ஆனால் பெயருக்கு எண்ணெய் பூசுவது அதோடு நின்றுவிடவில்லை. அது விண்ணப்பப் படிவத்தில் நடக்கின்றது. கலியாணப் பேச்சில் நடக்கின்றது. ஆசிரியர் அறையிலும் நடக்கின்றது.

ஆம், ஆசிரியர் அறையில். "தோட்டத்துப் பிள்ளைதானே, இவ்வளவுதான் வரும்" என்று சக ஆசிரியர் கூறுவதை எத்தனை முறை கேட்டுப் பேசாதிருந்திருக்கின்றேன்! அம்மௌனமும் ஒரு துளி எண்ணெய்தான். சட்டத்தை மாற்ற இயக்கம் வேண்டும், காலமும் வேண்டும். இந்த எண்ணெயை நிறுத்துவதற்கு நாளை காலை முதல் மணி போதும்.

மறுநாள் அம்மாணவியை எழுப்பி, முள்ளுக்குத்து எவ்வாறு செய்யப்படுகின்றது என்று வகுப்புக்குச் சொல்லச் செய்தேன். முள்ளை எவ்வளவு ஆழம் இறக்குவது, செடியின் வேர் அறாமல் மண்ணை எவ்வாறு நெகிழ்த்துவது என்று, தன் தந்தை செய்வதைப் பார்த்து அறிந்ததை அவள் தடையின்றிக் கூறினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதன் பின்பே உழவு அதிகாரத்தின் அடுத்த குறளுக்குச் சென்றோம்.